அதிமதுரக் கஷாயம்

12-11-2008, புதன்

தேவாரம் ஊரில் இருந்த என் அண்ணன் ஏலத்தோட்டத்து ஜீப் கவிழ்ந்து இறந்து பதினோரு நாளாகிறது. நான் பிள்ளைத்தாச்சி என்பதால் வீட்டில் என்னிடம் மறைத்துவிட்டார்கள். திராட்சைத் தோட்டத்தில் ஆட்கள் பேசியது மறுநாளே என் காதில் விழுந்தது. பிள்ளைக்கு ஆகாதென்று நானும் அழவில்லை.

இன்று தேனியில் டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன், துக்கம் பிள்ளையைத் தொடுமா என்று.

"துக்கத்துல கார்டிசால்னு ஒரு ஹார்மோன் ரத்தத்துல ஏறும். நஞ்சுக்கொடி அதுல பெரும்பகுதிய முறிச்சிட்டுத்தான் உள்ள விடும். பயப்படாத. வேற என்ன சாப்பிடுற?"

இருமலுக்கு அத்தை தினமும் போட்டுத் தரும் அதிமதுரக் கஷாயத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அத இன்னையோட நிறுத்து. நஞ்சுக்கொடிய அந்த வேலையச் செய்யவிடாமப் பண்றதே அதுதான்."

சாயங்காலம் அத்தை டம்ளரோடு வந்தார். "ஒங்கண்ணன் போன் பண்ணுனாக. நல்லா இருக்காகளாம். சூடு ஆறுறதுக்குள்ள குடி ஆத்தா."

பிறகு குடிக்கிறேன் என்று வாங்கி வைத்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னால், துக்கத்தைப் பற்றி எதற்குக் கேட்டாய் என்பார்.

டம்ளர் ஆறிப்போய் எதிரே இருக்கிறது. இந்தப் பதினோரு நாளும் அழுகை முட்டிய போதெல்லாம் இதைக் குடித்துத்தான் விழுங்கினேன்.