என் பெயரிலுள்ள சாதனையை நீக்கித் தருமாறு

அனுப்புபவர்:
திருமதி நிஷாந்தினி திவாகரன்,
மஹய்யாவ,
கண்டி.

பெறுபவர்:
தலைவர் அவர்கள்,
மலைத்தொடர் வலுவிளையாட்டுச் சங்கம்,
கண்டி.

விடயம்: பெண்களுக்கான பகுதித் தூக்கில் எனக்கு வழங்கப்பட்ட சாதனையை நீக்கி, அதனை உரியவரான அலவத்துகொட செல்வி நுஸ்ஹா அவர்களின் பெயரில் பதிதல் தொடர்பானது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மஹய்யாவையில் பாடசாலை வேன் ஓட்டுபவள். எனக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு பிள்ளைகளின் தாய். கடந்த ஆகஸ்ட் 30ஆந் திகதி சனிக்கிழமை தங்கள் சங்கம் கண்டியில் நடத்திய போட்டியில் 195 கிலோ தூக்கிப் புதிய சாதனை படைத்தவளாக அறிவிக்கப்பட்டேன். அந்தச் சாதனை பிழையானது என்று முறையிடவே இம்மனுவை எழுதுகிறேன். வென்றவளே புகார் செய்வது வழமையில்லை என்பதை அறிவேன். ஆகையால் பொறுமையுடன் முழுவதையும் வாசிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. தாங்கள் அறிந்ததே ஆயினும், இம்மனுவைப் பார்வையிடக்கூடிய ஏனைய அலுவலர்களுக்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். பகுதித் தூக்கில் இரும்புத் தண்டு தரையில் இருப்பதில்லை. பதினெட்டு அங்குல உயரத்தில், கட்டைகளின் மேல் இருக்கும். அங்கிருந்து நிமிர்ந்து நிற்கும் வரை தூக்க வேண்டும். பாதித் தூரம்தானே என்று சிலர் சிரிப்பார்கள். பாதித் தூரம் என்பதாலேயே பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

3. அன்று இறுதிவரை நின்றவர்கள் நானும் நுஸ்ஹாவும் மட்டுமே. அவர் அக்குரணையில் மருந்துக் கடை ஒன்றில் வேலை செய்கிறார். அன்றுதான் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். பழைய சாதனை 180 கிலோ. நுஸ்ஹா தமது இரண்டாவது முயற்சிக்கு 190 கேட்டார். தண்டு அவருடைய முழங்காலருகே அசையாமல் நின்றது. பிறகு மெல்ல மெல்ல ஏறியது. அவர் நிமிர்ந்து நின்றபோது தூக்கு செல்லும் என்று மூன்று நடுவர்களும் வெள்ளை விளக்கைப் போட்டார்கள். எதிராளி என்பதையும் மறந்து அவருக்காக மிக உரத்துக் கத்தியவள் நான்தான். காணொளியில் என் குரலே முன்னுக்குக் கேட்கிறது. அதற்காக என் பிள்ளைகள் இன்னும் என்னைக் கேலி செய்கிறார்கள்.

4. அவர் தண்டை இறக்கியபோது ஒரு பக்கக் கட்டை பிளந்துவிட்டது. உடனே தட்டுகள் யாவும் கழற்றப்பட்டு, வேறு கட்டைகள் கொண்டுவரப்பட்டன. சாதனைத் தூக்கு ஒவ்வொன்றையும் உடனே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. கட்டை பிளந்த குழப்பத்தில் நுஸ்ஹாவின் பாரம் மட்டும் நிறுக்கப்படவில்லை.

5. அந்த இடைவேளையில் அவர் என் பக்கத்துக் கதிரையில் வந்து விழுந்தார்.

"அக்கா, இது என்ன பாரம்! பயிற்சியில 190 இப்பிடி இருக்கல்லயே. எனக்கு ஏலாமப் போயிட்டு" என்றார்.

"மேடையில அப்படித்தாங்க தோணும். மொதல்ல தண்ணி குடிங்க" என்றேன் நான்.

அவர் தண்ணீர் குடித்தார். ஆனால் தமது கடைசி முயற்சியைக் கைவிட்டுவிட்டார். 190 கிலோவுக்கே உடம்பு இந்தப் பாடுபட்டால் அதற்கு மேல் முடியாது என்று நினைத்தாராம். பின்னர் நான் 195 தூக்கினேன். என்னுடையது நிறுக்கப்பட்டது, சரியாக இருந்தது. கிண்ணத்தை என் கையில் தந்தார்கள். மஹய்யாவ ஆட்கள் மேளத்தோடு என்னை வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். திங்கட்கிழமை வேனில் ஏறிய பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை என் கையை அமுக்கிப் பார்த்துவிட்டே உட்கார்ந்தார்கள். ஐயா, அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

6. அந்த வாரத்தில் என் கணவர் திவாகரன் எடுத்த காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுஸ்ஹா தண்டைப் பிடிக்கும் விதத்தைப் படிப்பதே என் நோக்கம். அடுத்த முறை அவர் என்னை வென்றுவிடக்கூடாது அல்லவா. அப்போது தண்டின் இரு ஓரங்களிலும் மஞ்சள் தட்டுகள் இருப்பதைக் கண்டேன். 190 கிலோவுக்கு அவ்விடத்தில் இருக்க வேண்டியது பச்சை. பச்சை பத்துக் கிலோ, மஞ்சள் பதினைந்து. பக்கத்துக்கு ஐந்து கிலோ கூடுதல். ஆகவே நுஸ்ஹா தூக்கியது 190 அல்ல, 200.

7. என் கண்ணை நம்பாமல், அன்று தட்டுகளை ஏற்றிய அஸ்ஃபர் என்பவரைக் கடுகண்ணாவையில் அவர் வேலை செய்யும் உதிரிப்பாகக் கடையில் சந்தித்தேன். காணொளியைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பச்சத் தட்டு ரெண்டும் உள்ளுக்குப் பயிற்சி எடுக்கிற பக்கம் போயீந்த. அவசரத்துல கைக்கு வந்தத போட்டுட்டேன். யா அல்லாஹ், அந்தப் புள்ளக்கி நான் என்ன வேல செஞ்சீக்கேன்!"

விசாரணைக்கு அழைத்தால் வந்து உண்மையைச் சொல்வதாக அவர் வாக்களித்துள்ளார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் மீது நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள்.

8. அங்கிருந்து வந்த மறுநாளே கிண்ணத்தை வேனில் வைத்துக்கொண்டு அலவத்துகொடைக்குப் போனேன். நுஸ்ஹாவின் தாயார் ஹவ்வா உம்மா கதவைத் திறந்தார். காணொளியை இருவருக்கும் காட்டினேன். நுஸ்ஹா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பின் மிகச் சிறிய குரலில், "இருநூறா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இருநூறு என்டா எவ்வளவு?" என்றார் தாயார்.

"நாலு சீமெந்து மூட்ட, உம்மா" என்றார் நுஸ்ஹா.

"நாலு மூட்டயா! நேத்து கேஸ் சிலிண்டர மாத்தச் சொன்ன நேரம் முதுகு நோகுது என்டாளே இவ!"

மூவரும் சிரித்த சிரிப்பில் அயல்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். செய்தி தெருவெங்கும் பரவியது. பகல் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். கிண்ணத்தை மட்டும் நுஸ்ஹா வாங்க மறுத்துவிட்டார். சங்கம் தந்ததைச் சங்கம்தான் மாற்றித் தரவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஆகையால் அது இப்போதும் என் வேனின் முன் ஆசனத்தில் ஆசனப்பட்டியுடன் பயணம் செய்கிறது.

9. இவ்விடயத்தைத் தங்கள் சங்கச் செயலாளரிடம் நேரில் தெரிவித்தேன். அன்பாக வரவேற்றுத் தேநீர் தந்தார். ஆனால், "தங்கச்சி, தோத்தவங்கதான் இங்க புகார் கொண்டு வருவாங்க. நீங்க வென்றவங்க. போய் நிம்மதியா இருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அறிவித்த பாரமே பதிவாகும், அதை மாற்ற முடியாது என்பது அவர் நிலைப்பாடு. ஐயா, ஒலிபெருக்கி அறிவித்ததை நுஸ்ஹா தூக்கவில்லை. தண்டில் இருந்ததைத்தான் தூக்கினார். நிறுத்துப் பார்த்திருந்தால் அன்றே உண்மை தெரிந்திருக்கும். நிறுக்காமல் விட்டது அவருடைய குற்றமுமல்ல.

10. என் மனதை உறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்தின் போட்டிகளில் இருநூறு கிலோவைத் தொட்ட பெண் இதுவரை எவருமில்லை. அதை ஒருவர் செய்து முடித்தார். செய்ததை அறியாமல், தம்மால் இயலவில்லை என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். நானோ அவர் பக்கத்திலேயே இருந்து, அதெல்லாம் தோற்றம் என்று ஆறுதல் சொன்னேன். அந்த மாபெரும் தூக்கை மிக அருகிலிருந்து பார்த்தவள் நான் என்பதில் எனக்கு இப்போது இருக்கும் பெருமை, கிண்ணம் வாங்கியபோதுகூட இருக்கவில்லை. அதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் என்னுடையதல்ல.

11. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

(அ) காணொளியையும் அஸ்ஃபரின் வாக்குமூலத்தையும் ஆராய்ந்து, 200 கிலோ சாதனையை நுஸ்ஹா அவர்களின் பெயரில் பதியவும்,

(ஆ) இத்துடன் இணைத்துள்ள என் சான்றிதழை இரத்துச் செய்து, இரண்டாமிடத்துக்குரியதை எனக்கு வழங்கவும்,

(இ) போதிய ஆட்கள் சேரவில்லை என்று கூறி நிறுத்தப்போவதாகக் கேள்விப்படும் பெண்களுக்கான பகுதித் தூக்கை அடுத்த வருடமும் நடத்தவும்

ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். மூன்றாவது கோரிக்கையில் எனக்குச் சுயநலமும் உண்டு. நுஸ்ஹா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மஹய்யாவைக்கு வந்து என்னுடன் பயிற்சி எடுக்கிறார். நேற்று நான் 197 கிலோவை ஆட்டமில்லாமல் தூக்கினேன். அவருடைய இருநூறைச் சங்கம் காலதாமதமின்றிப் பதிந்தால்தான், அடுத்த வருடம் நான் அதை முறையாக முறியடிக்க முடியும்.

தங்கள் நல்ல முடிவை மகிழ்ச்சியோடு எதிர்பார்த்து,

நிஷாந்தினி திவாகரன்
மஹய்யாவ, கண்டி
2025.09.15

இணைப்பு: சான்றிதழ், காணொளிப் பிரதி

மேலுள்ள மனுவை முழுமையாக வாசித்தேன். கூறப்பட்ட சம்பவங்கள் யாவும் உண்மை. கடைசி வசனத்தை மட்டும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. நேற்றுப் பயிற்சி முடிந்து அவர் வீட்டுக்குப் போனபின் நான் 205 தூக்கினேன்.

நுஸ்ஹா
அலவத்துகொட