நன்றி மட்டும் கேட்டது

வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு

அரிமளம் திருவிழாக் கச்சேரியில் பாடிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வரவில்லை.

ஊரில் கேபிள்காரர் வைத்திருந்த இன்டர்நெட் லைனை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. வேறு லைன் கிடையாது. கச்சேரியை லைவாகக் காட்ட வேண்டுமென்றால் அவர்கள் ஆப்பில்தான் காட்ட வேண்டுமாம். பாட்டுக்குப் பாட்டு கம்பெனிக்கு நன்றியும் சொல்ல வேண்டுமாம். எங்கள் குழுவை நடத்தும் செல்வம் அண்ணன், "ஒன் குரல்லயே சொல்லிரும்மா, சனத்துக்குப் பிடிக்கும்" என்றார். சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

குவைத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு இன்று லீவு. ரூமில் இருக்கும் நம்மூர் ஆட்களையும் கூட உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார். மேடையை விட்டு இறங்கியதும் போன் போட்டேன்.

"பாட்டு எப்படிங்க இருந்துச்சு?"

"பாட்டு எங்க கேட்டுச்சு? நீ பாட ஆரம்பிச்சாலே சத்தத்தை நிறுத்திப்புடுறான். காப்பிரைட்டாம்."

சினிமாப் பாட்டுக்குச் சரி. நாங்களே மெட்டுப் போட்ட அம்மன் பாட்டுக்கும் அப்படித்தானாம். அந்த மெட்டை இவன்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?

"அப்ப ஒண்ணுமே கேக்கலையா?"

"நீ நன்றி சொன்னது கணீர்னு கேட்டுச்சு. ஒவ்வொரு வாட்டியும்."

ரூமில் ஒரு ஆள் அவரிடம் கேட்டாராம், "ஒங்க வீட்டுக்காரம்மா அந்தக் கம்பெனியிலயா வேல பாக்குறாங்க?" என்று. சொல்லிவிட்டு இவரும் சிரித்தார்.

"ஆமாங்க, சம்பளந்தான் தரல" என்றேன்.