சிவப்புக் கிளிப்

அன்புள்ள அண்ணா,

"இங்கேயே நில்லுங்கள்" என்று அன்று நான் உங்களிடம் சொல்லவில்லை.

கொழும்பு வேலையை விட்டுவிட்டு, நம் மாட்டுப்பட்டியை என்னோடு சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்கத்தான் கரடியனாற்றுக்கு வந்திருந்தீர்கள். காலையில் நீங்கள் அதைக் கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஒரு கிடாரி மின்வேலியை அறுத்துக்கொண்டு பக்கத்து வயல் வட்டைக்குள் இறங்கிவிட்டது. அதைத் துரத்திக் கொண்டுவந்து சேர்த்தோம்.

"நீ போய்க் கம்பியக் கட்டு புள்ள. நான் வேலிப் பற்றரிக்குப் பக்கத்தில நிக்கிறன். நீ கூப்பிட்டாப்பிறகுதான் கரண்ட் குடுப்பன்" என்றீர்கள்.

போன வருடமும் இதையேதான் சொன்னீர்கள். நான் கம்பியைப் பிடித்திருக்கும்போதே கொடுத்துவிட்டு, நான் துள்ளி விழுந்ததைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்த மின்சாரம் ஆளைக் கொல்லாது. கையை உதற வைக்கும், அவ்வளவுதான்.

இம்முறை பற்றரியின் சிவப்புக் கிளிப்பை வயரோடு கழற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"அத ஏன் கொண்டு போறாய்? மாடு திண்டிருமா?"

கம்பி அறுந்த இடத்துக்குப் போனேன். துருவைச் சுரண்டி, இரு முனைகளையும் வளைத்துக் கொளுவி, இறுக்கமாக முறுக்கினேன். திரும்பி வந்து நானே கிளிப்பைப் பற்றரியில் மாட்டினேன். நீங்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காலையில் கேட்டதை மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

உங்கள் தங்கை