கவிழ்த்து வைத்த போன்

குருவிநத்தம்
காணும் பொங்கலன்று

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீயும் ரோஸ்லினும் சுகமா என்று கேட்க வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது, எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அங்கே பனி அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். நைட் டியூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இங்கே ஏரி நிரம்பி சம்பா நன்றாக வந்திருக்கிறது, அடுத்த வாரம் அறுப்பு மிஷின் வரும் என்று அப்பா சொல்கிறார். சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. முன்பு என்றால் அன்றைக்கே உனக்குப் படம் அனுப்பியிருப்பேன். இப்போது அனுப்பினால் நீ பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பாய், அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அனுப்பவில்லை. போனை நீ எடுப்பதில்லை, ரோஸ்லின்தான் எடுத்து "தூங்குறா ஆன்ட்டி" என்கிறாள், அவள் குரலில் கோபம் இல்லாததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. வாயால் செய்த காரியத்துக்கு மறுபடி வாயையே நம்ப முடியாமல்தான் கடிதமாக எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உனக்குக் காதால் தெரியும், கண்ணால் தெரியாது. நீ சொன்னபடிதான் நான் செய்துகொண்டிருந்தேன். உன்னையும் ரோஸ்லினையும் பற்றிப் போன வருஷம் நீ என்னிடம் சொன்னபோது அப்பாவுக்கு இப்போது தெரிய வேண்டாம் என்று தடுத்தவள் நான், அதனால்தான் நீ இரண்டு பெண்கள் சேர்ந்து வாழும் அந்தத் தொடரை நம் வீட்டு டிவியில் வரவழைத்துக் கொடுத்தாய், அம்மா முதலில் நீ பார், பிறகு அப்பாவை உட்காரவை, மாசி மகத்துக்கு நாங்கள் ரெண்டு பேரும் வருவதற்குள் பேச்சை எடு என்றாய். சரி என்றேன். ஞாயிறு தோறும் டிவி பக்கத்தில் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்து நீ அங்கேயும் நான் இங்கேயுமாகப் பார்த்தோமே, உண்மையைச் சொன்னால் அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பேக்கரி வைத்திருப்பவளும் டிரைவிங் சொல்லிக்கொடுப்பவளும் குடியிருக்கும் அந்தச் சின்ன வீட்டுக்கு, பேக்கரிக்காரியின் அப்பா பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு வந்து உட்கார்ந்துகொள்கிற அமர்க்களத்தை நான் யாரோ இரண்டு பெண்களின் கதையாகப் பார்க்கவில்லை. உங்கள் சமையலறை எப்படி இருக்கும், யார் காய் நறுக்குவது, யார் பாத்திரம் கழுவுவது என்றுதான் நினைத்துக்கொண்டே பார்ப்பேன்.

அன்றைக்குப் பார்த்தது, தொடரில் பொங்கலுக்கு இரண்டு பெண்களுடைய அம்மாக்களும் ஒரே நேரத்தில் வரிசைத் தட்டோடு வாசலில் வந்து நிற்கும் பகுதி. நான் பெண்ணைப் பெற்றவள், நான்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று ஒருத்தி, அப்படியானால் நான் யாரைப் பெற்றேன் என்று இன்னொருத்தி. நீயும் நானும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் வைஜெயந்தி அத்தை தயிருக்கு உறை மோர் கேட்டு உள்ளே வந்தாள். போனில் உன் முகமும் உன் தோள்மேல் சாய்ந்திருந்த ரோஸ்லின் முகமும் தெரிந்தன. நான் சட்டென்று போனை எடுத்துப் பாயில் கவிழ்த்து வைத்தேன், கட் பண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அத்தை நின்றுகொண்டே பார்த்தாள், அவளும் சிரித்தாள். "இன்னா கூத்து அண்ணி இது, ரெண்டும் பொண்ணுன்னா எவ சீர் எடுத்தாறது, எவ வாங்கறது" என்றாள். பிறகு விளையாட்டாகத்தான் "நம்ம வூட்ல இந்த மாதிரி ஒண்ணு வந்து நின்னா இன்னா பண்ணுவ" என்று கேட்டாள். அதற்கு நான் சொன்னதைத்தான் நீங்கள் ரெண்டு பேரும் கேட்டீர்கள். "இன்னா பண்றது, தல முழுகிட்டு வேலயப் பாப்பேன்" என்றேன். செத்தவர்களுக்குச் செய்வதை உயிரோடு இருக்கும் உனக்குச் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன். மாட்டைக் கட்டிவிட்டு வந்த அப்பா வாசலில் இருந்து "வௌக்கு வச்ச நேரத்துல இன்னா பேச்சு பேசற வனஜா" என்று அதட்டினார், அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாதவருக்கே அது தகாத பேச்சாகப் பட்டது.

ஏன் சொன்னேன் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உன்மேல் வெறுப்பு இல்லை, இருந்திருந்தால்கூடக் காரணம் என்று ஒன்றாவது இருந்திருக்கும். அத்தை சந்தேகப்படுவதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான். அதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். அத்தை போன பிறகு போனை நிமிர்த்தினேன், கால் ஓடிக்கொண்டிருந்தது, உன் நாற்காலி காலியாக இருந்தது. அந்த நொடியில் ஐயோ என் பிள்ளை கேட்டுவிட்டதே என்று எனக்குத் தோன்றவில்லை, போனைக் கவிழ்ப்பதற்கு முன் வைஜெயந்தி பார்த்திருப்பாளோ என்றுதான் முதலில் தோன்றியது. நீ எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தாய். நான் காலேஜ் படித்தவள், பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து வருகிற பெற்றோருக்கெல்லாம் பிள்ளைகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்கிறவள். இப்போது ஆபீசில் யாராவது யோசனை கேட்டால் தலையைக் குனிந்து எழுதுகிற மாதிரி இருந்துவிடுகிறேன்.

மாசிக்கு வரவில்லை என்று நீ சொல்லச் சொன்னதாக ரோஸ்லின் மெசேஜ் போட்டிருந்தாள். அதைப் படித்த அன்று காலையிலேயே களத்துமேட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்து கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான், "எங்கிட்ட சொல்ல அவ பயந்தாளா, நீ சொல்ல வுடலியா" என்றார். நான்தான் விடவில்லை என்றேன். "இத்தினி நாளா ஒரே வூட்ல சோறு துன்னுட்டு" என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பம்புசெட் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு சாப்பாடு, மாடு, கரண்ட் இதைத் தவிர என்னோடு பேச்சு இல்லை.

போகிக்கு முதல் நாள் வழக்கம்போல அத்தைக்குப் பிறந்த வீட்டு வரிசை கொண்டுபோனேன், அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புடவை. அப்பா வரவில்லை, நான் மட்டும்தான். அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன், எங்கள் சித்ரா ரோஸ்லின் என்கிற பெண்ணோடுதான் வாழ்கிறாள், அன்று அவர்கள் போனில் இருந்தார்கள் என்றேன். கை நின்றுவிட்டது அவளுக்கு. "நான் டிவியப் பாத்து சிரிச்சேன் அண்ணி, என் அண்ணன் பொண்ணப் பாத்து சிரிக்கல. தல முழுகறேன்னு சொன்ன வாயி யாருது" என்றாள். பிறகு, "ஊர்ல நாலு பேர் கேட்டா நான் இன்னா சொல்றது, அதயாவது சொல்லிட்டுப் போ" என்றாள். எழுந்து போய் வரிசையை உள்ளே எடுத்து வைத்துவிட்டுத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெறும் தட்டு. பிடி அரிசியோ சர்க்கரையோ போடாமல் யாரும் வரிசைத் தட்டைத் திருப்பித் தர மாட்டார்கள், உனக்கே தெரியும். மறந்தாளா வேண்டுமென்றே கொடுத்தாளா தெரியவில்லை. வாங்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன், எதிரில் வந்தவர்கள் எல்லாம் தட்டைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மூடாமல் எடுத்து வந்தேன். உனக்காகச் செய்த தியாகம் என்று நினைத்துவிடாதே, நீ அன்று உன் காதால் கேட்டதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்கு அர்த்தம் என்ன என்று என்னைக் கேட்காதே. அப்பா மாலையில் தனியாக அந்தத் தொடரை முதலில் இருந்து பார்க்கிறார். சிரிப்பதில்லை, உர் என்று உட்கார்ந்து பார்க்கிறார். ஒன்று முடிந்தால் "அடுத்தது எத அமுக்கணும்" என்று கேட்கிறார், அமுக்கிக் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்கு வந்துவிடுகிறேன். நேற்று மட்டும் தானாகவே, "இந்தாளு பாட்டுக்குப் பொட்டியத் தூக்கினு வந்துட்டான், பாவம் ரெண்டு பொண்ணுங்களும் எங்க படுக்கும்" என்றார். என்னிடம்தான் சொன்னாரா டிவியிடம் சொன்னாரா தெரியவில்லை. எதையும் நல்லதாக நினைத்துக்கொள்ள எனக்கு இப்போது தைரியம் வருவதில்லை.

மாசிக்கு வா என்று கூப்பிடும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன், வருவது உங்கள் இருவர் இஷ்டம். இந்தக் கடிதத்தை ரோஸ்லினும் படிக்கட்டும், அவளும் கேட்டவள்தானே. அவளைப் பெற்ற அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்கத் தோன்றுகிறது, அது வெட்கத்தில் தோன்றுவது, அதனால் கேட்கவில்லை. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், இந்த ஆசீர்வாதம் இருவருக்கும் சேர்த்துத்தான். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்ததும் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்துக் கூப்பிடுவேன், இந்த ஞாயிறும், அடுத்ததும். எடுக்காவிட்டால் அடித்து ஓயட்டும். எடுத்தால், நடுவில் யார் உள்ளே வந்தாலும் போனைக் கவிழ்க்க மாட்டேன்.

உன் அம்மா,
அ. வனஜா