கடைசி ரீல் இரண்டு

அக்டோபர் 20
விடியற்காலையிலிருந்து மழை. புரொஜெக்டர் அறையில் ஒழுக்கு, வாளி வைத்தேன். மெட்ராஸிலிருந்து கப்பலில் 'அம்மா' படத்துக்குப் புது கடைசி ரீல் வந்துவிட்டது. கூடவே கடிதம்: டைரக்டரே முடிவை மாற்றி எடுத்துவிட்டார், பழைய ரீலைத் திருப்பி அனுப்பவும்.

பழையதில் தாய் காத்திருந்து செத்துப்போகிறாள். மறுநாள் வரும் மகன் கொள்ளி வைக்கிறான். புதியதில் டாக்டர், ஊசி, தாய் கண் திறக்கிறாள், பாட்டு.

"பழச என்ன செய்வாங்க?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"பிலிமக் கழுவி அதுல இருக்குற வெள்ளிய எடுப்பாங்க. ஒனக்கென்ன?"

எனக்கென்ன? தெரியவில்லை. எடுத்தவரே வேண்டாம் என்கிறார். ஆனால் மூன்று மாதமாக நான் ஓட்டியது எந்தப் படம்?

அக்டோபர் 22
வெயில். வாங்க வேண்டியது: புரொஜெக்டர் விளக்குக்குக் கார்பன் குச்சி, சவரக்கத்தி, கருவாடு.

புது முடிவுக்கு டவுனில் விசில். எனக்கு மட்டும் எரிச்சல். கடலுக்கு அப்பால் ஊரில் என் அம்மா இறந்த கடிதம் என் கைக்கு வந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. ஓரத்தில் கறுப்பு மை தடவிய கடிதம், இன்னும் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பழைய ரீலில் யாரோ ஒரு மகனாவது கொள்ளிக்கு வந்து சேர்கிறான். ஓட்டும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆறும். அதைப் போய்க் கழுவுவதா!

முடிவு செய்துவிட்டேன். வேறு துண்டு பிலிம் சுற்றி அனுப்பிவிட்டுப் பழையதை வைத்துக்கொள்வது. திருட்டா? திருட்டுத்தான்.

இரண்டு டப்பாவிலும் ஒரே ரீல் எண், 14. பழையதில் முதல் நாள் பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு உண்டு, புதியதில் இல்லை. அதுதான் அடையாளம்.

அக்டோபர் 25
ஆயுத பூஜை. மெஷின், டார்ச், வேன் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மேனேஜர் சம்சாரம் ஒன்றையும் விடவில்லை, டிக்கெட் கிழிக்கும் பலகைக்கும் பொட்டு. பொரி, கடலை, இரண்டு தரம் சுண்டல். வயிறு சரியில்லை.

அக்டோபர் 27
சுங்கை ரம்பாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேனில் போய்ப் படம். ஊரடங்குக்குள் முடிக்க வேண்டும் என்று மேனேஜர் அவசரப்படுத்தினார். பொட்டு வைத்த டப்பாவை விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாமென்று பார்த்தால் எல்லா டப்பாவிலும் பொட்டு! மேனேஜர் சம்சாரத்தின் கைவேலை. பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஒன்றை எடுத்தேன்.

பழையது.

டவுனில் பார்த்தவர்கள் தாய் பிழைத்துவிட்டாள் என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். திரையில் அவள் செத்ததும் ஒரே கூச்சல்.

"யோவ் ஆப்பரேட்டரு! மாத்திப் போட்டுட்டியா?"

முன்வரிசையில் பாக்கியம் அக்கா. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். நான் போகும்போதெல்லாம் கோப்பி கொடுப்பார். போன வருடம் அவர் மகன் வேலுவைத் தூக்குச்சட்டியில் சோற்றோடு தோட்டத்துக் கேட்டில் போலீஸ்காரர்கள் பிடித்தார்கள். துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோகிறான் என்றார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அக்கா எழுந்தார், பாயைக்கூட எடுக்காமல் லயத்து வீட்டுக்குப் போய்விட்டார். கோப்பி இல்லை.

நான் என்ன காரியம் செய்துவிட்டேன்.

அக்டோபர் 28
தூக்கமில்லை. பழைய ரீல் பாவம் பிடித்தது என்று தோன்றியது. டைரக்டருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்குமோ? மெட்ராஸ் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் சிங்கப்பூர் லாரியில் ஏற்றிவிட்டேன், நிஜமான பழையதையே. துண்டு பிலிம் எதுவும் இல்லை. லாரி போனதும் ஏன் அனுப்பினேன் என்று இருந்தது.

அக்டோபர் 31
வானம் மப்பு. சட்டை துவைக்கவில்லை.

காலையில் டிக்கெட் ஜன்னலில் பாக்கியம் அக்கா! தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் லீவு கேட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். "தம்பி, அந்தக் கடைசித் துண்ட மட்டும் போட்டுக் காட்டேன்" என்றார். பிராயச்சித்தம் செய்கிற நினைப்பில் காலிக் கொட்டகையில் புதியதை ஓட்டினேன்.

"இது இல்ல தம்பி. அன்னைக்குப் போட்டியே, அது."

"அதுல அந்தம்மா செத்துருவாங்களேக்கா."

"செத்தா என்ன? மவன் வந்து கொள்ளி வச்சான்ல? டாக்டரு, ஊசி, பாட்டு, இதெல்லாம் நமக்கு எங்க நடக்கும்? அது நடக்கும் தம்பி. அன்னைக்குத்தான் வீட்டுல போயி ஒரு பாட்டம் அழுதுட்டு நல்லாத் தூங்குனேன்."

அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன்.

"அப்ப வாயால சொல்லு."

சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து, காட்சி காட்சியாக. நடுவில் ஒன்று கேட்டார்: "மவன் என்ன சட்ட போட்டிருந்தான்? கோடு போட்டதுதான? வேலு போறப்ப அதான் போட்டிருந்தான்."

அக்கா பஸ் ஏறியதும் எழுதுகிறேன், மறப்பதற்குள்.

1. வாசல். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.
2. தாய் கை, கதவில்.
3. கை நழுவுகிறது. விளக்கு அணைகிறது. (முதலில் விளக்கா?)
4. விடிகிறது. ஊர்க்காரர்கள்.
5. ஒற்றையடிப் பாதை. தூரத்தில் மகன், ஓடி வருகிறான்.
6. மகன், கிட்டத்தில். கோடு போட்ட சட்டை. ஞாபகமில்லை. அக்காவிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனி அதுதான்.
7. கொள்ளி.