மாங்கனீஸ் பிழைக்கட்டும்

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ரோஜாவுக்கு,

உன் வீட்டுக்காரன் பிரபாகரன் எழுதுவது. நான், அம்மா, நம் மகள் தமிழினி மூவரும் சுகம். ஜெர்மனியில் குளிர் கடுமை என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வீடியோவில் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கடிதம்.

ஆராய்ச்சியை இன்னும் இரண்டு வருடம் நீட்டித் தருகிறார்கள், இருக்கட்டுமா, வரட்டுமா என்று கேட்டாய். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. காலையில் இருக்கட்டும் என்று தோன்றுகிறது. தமிழினிக்குச் சடை பின்னத் தெரியாமல் முழிக்கும்போது, வந்து தொலையேன் என்று தோன்றுகிறது.

நேற்று இதே நினைப்பில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஆவி போகும் ஜன்னலைத் திறக்க மறந்துவிட்டேன். ஈரம் உள்ளேயே நின்று, காய் மொத்தமும் வெளிறிப்போச்சு! "இத்தன வருசமா ஸ்டோர் பாக்குற, சன்னலத் தெறக்கவா மறந்த? வெரசா அந்தப் புள்ளைக்கு ஒரு பதிலச் சொல்லுடா" என்று அம்மா திட்டித் தீர்த்தார். என்ன பதில் என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்று போய்விட்டார்.

உன் சோலியை அவருக்கு விளக்கப் பார்த்தேன். ஓர் உலோக அணுவை ஒரு மூலக்கூறு குறடு மாதிரி மூன்று இடத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கம் பாஸ்பரஸ், நடுவில் நைட்ரஜன். அந்த உலோகம் ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பழையபடி நிற்கும். விலை கூடிய ருத்தீனியத்துக்குப் பதில் நீ மாங்கனீஸை வைத்தாய், அது பாதியில் செத்துப்போகிறது, அதைப் பிழைக்க வைக்கத்தான் இரண்டு வருடம் என்றேன். "இப்பிடி இறுக்கிப் புடிச்சா அது எப்பிடிடா வேல பாக்கும்?" என்றார் அம்மா.

அப்புறம் உன் பழைய மெசேஜைத் தேடிப் படித்தேன். பிடி தளரக் கூடாது, ஆனால் உலோகத்தின் ஒரு பக்கம் காலியாக இருக்க வேண்டும், வேலை நடப்பது அங்கேதான் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஜன்னல் திறக்காமல் வெளிறிய அந்தக் காய்தான் ஞாபகம் வந்தது.

நீ இரு, ரோஜா. நாங்கள் மூன்று பேர் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இது சரியா தப்பா என்று இன்னும் குழப்பம்தான். மறுபடி கேட்காதே, மாற்றிச் சொல்லிவிடுவேன்.

போன வாரம் உலர்த்தியதில் பச்சை மாறாத காயாகப் பொறுக்கி அனுப்பியிருக்கிறேன். டீயில் தட்டிப் போட்டுக்கொள்.

தமிழினி பக்கத்தில் நின்று, "அம்மாவ வரச் சொல்லி எழுதுப்பா" என்கிறாள். அவளுக்கு என் கையெழுத்து இன்னும் படிக்க வராது. எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மாரியாத்தா உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன்,
பிரபாகரன்