தேவியார் விதைக்கு வைத்த பூண்டு

நீர்வளம் குன்றாத மருதவேலி நாட்டின் காவலர், கோ நன்னெடுமான் அவர்களின் ஆணைப்படி ஓலைநாயகம் வயிரமேகர் எழுதுவித்தது. மேகம் தங்கும் குளிர்முகட்டு நாட்டின் தலைவரும், இந்நாட்டு அரசியார் கூதளி தேவியாரைப் பெற்ற தந்தையாருமான மலையரசர் திருமுன் வணக்கத்துடன் வாசிக்கப்படுக. தங்கள் சுனைகள் ஊறுக. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க.

தாங்கள் சென்ற ஓலையில் கேட்டருளியது ஒன்றே. வெப்ப நாட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மகள் அங்கே மனம் ஒன்றி இருக்கிறாளா, இல்லையெனில் அழைத்துக்கொள்ளப் பல்லக்கு அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டு அரசரின் முகம் வாடிற்று. ஆயினும், புனைந்துரை வேண்டா, கண்டதைக் கண்டபடி எழுதுக எனப் பணித்தார். வயிரமேகருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேவியாரின் மனத்துக்குள் இருப்பதை அவர் எங்ஙனம் அறிவார்? அவர் கண்டதெல்லாம் பூண்டுப் பாத்தி ஒன்றுதான்.

பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த பூண்டைத் தேவியார் பல் பல்லாகப் பிரித்து, கார்த்திகைக் குளிரில் அந்தப்புரத் தோட்டத்தில் தம் கையாலேயே ஊன்றி, மேலே வைக்கோல் பரப்பினார். பங்குனியில் அடித்தாள்கள் பழுக்கவே, பயிர் வாடுகிறதென்று தோட்டக்காரர்கள் பதறி நீர் இறைக்க ஓடினர். இனி நீர் பாய்ந்தால் பூண்டு அழுகும் என்று தேவியார் தடுத்துவிட்டார். தோண்டியதைக் கழுவவும் விடவில்லை. கழுவாத விளைபொருள் அரசர் முன் வருவது வழக்கமன்று என வயிரமேகர் முறையிட, அரசரோ மண் ஒட்டிய பூண்டைப் பட்டாடை மடியில் வாங்கிக்கொண்டு சிரித்தார். நிழலும் காற்றும் ஒருங்கே உள்ள இடம் வேறு இல்லாமையால், அது தாளோடு கட்டி ஆலோசனை மண்டபத்து உத்தரங்களில் தொங்கவிடப்பட்டது. அமைச்சர் பெருமக்கள் மூக்கைப் பொத்தியபடி அரசியல் பேசினர்.

இன்று காலை தேவியார் காய்ந்த பூண்டைத் தரம் பிரித்திருந்தார். முதல் தரத்தைப் பட்டில் பொதிந்து தந்தையாருக்கு அனுப்பலாம் என வயிரமேகர் விண்ணப்பித்தார். தேவியார் பெரியவற்றை எல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, சிறியவற்றைக் கூடையில் தள்ளினார். தரம் குறைந்ததை ஓர் அரசருக்கு அனுப்பினால் வீண் பகை வருமே என்று வயிரமேகர் எடுத்துரைக்க, தேவியார் நிமிராமலே கூறியது, கூறியவாறே இங்கு எழுதப்படுகிறது:

"பெருசெல்லாம் வெதைக்கு, ஐயா. அதையும் அனுப்பிட்டா வர்ற கார்த்திகைக்கு நான் எதை நடுறது? அப்பாவுக்குச் சின்னது போதும். பார்த்தாலே அவருக்கு வெளங்கிடும்."

பூண்டு விளையும் நாட்டின் தலைவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. இச்சொல் செவியில் விழுந்ததும் அரசர் இன்றைய வழக்குகளை எல்லாம் நாளைக்குத் தள்ளிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தார். அத்தனை வேகமாக அவர் நடந்து வயிரமேகர் கண்டதில்லை.

ஆகவே, இத்துடன் வரும் சிறு பூண்டை மலையரசர் குறையெண்ணாது ஏற்றருள்க. பல்லக்கு அனுப்புதல் வேண்டா. நடவு காணத் தாமே எழுந்தருள்க. இந்நாட்டுத் தோட்டக்காரர் பூண்டுப் பாத்தியை இருமடங்காக விரிக்கக் கடவர். தேவியார் சொல்லாமல் அதற்கு ஒரு குடம் நீரும் இறைக்கற்க. அரச இலச்சினை ஈரமண்ணில் பதிக்கப்பட்டது. தேவியார் விதை எடுத்துவைக்கும் ஆண்டெல்லாம் இவ்வாணை நிற்க.